பைத்தான் இம்போர்ட்: இன்னும் மண்டையைக் குடையும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

நள்ளிரவு_டிபக்

எரரைப் பிடிக்கும் எக்ஸெப்ட் வரியில் பேமென்ட்எரர் என்று இருக்கிறது. எரர் வந்த வழியைக் காட்டும் ட்ரேஸ்பேக்கின் கடைசி வரியிலும் அதே பேமென்ட்எரர். ஆனால் பிடிபடாமல் வெளியே ஓடி வந்து புரோகிராமையே சாய்த்துவிட்டது. திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர்தான், "அந்தப் பேருக்கு முன்னாடி என்ன இருக்கு, பாருங்க" என்றார். எரர்ஸ்.பேமென்ட்எரர் என்று இருந்தது. நாங்கள் பிடிக்கக் காத்திருந்ததோ ஆப்.எரர்ஸ்.பேமென்ட்எரர்.

யாரோ டெஸ்ட் ஓட வேண்டும் என்பதற்காக ஆப் ஃபோல்டரையும் சிஸ்.பாத்தில் (மாட்யூல்களை, அதாவது இம்போர்ட் செய்யும் கோப்புகளை, பைத்தான் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் ஒரே கோப்பு இரண்டு பெயரில் உள்ளே வந்துவிட்டது. ஏற்கெனவே இம்போர்ட் ஆனவற்றை வைத்திருக்கும் சிஸ்.மாட்யூல்ஸில் பைத்தான் தேடுவது பெயரை வைத்துத்தான், கோப்பின் இருப்பிடத்தை வைத்து அல்ல. பெயர் வேறாக இருந்தால் கோப்பை மறுபடி ஓட்டி, புத்தம்புது கிளாஸ் ஒன்றைச் செய்து கொடுத்துவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு மாதிரி.

உங்களுக்கும் இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா?

பிளகின்_பித்தன்

எனக்கு மாட்டியது டேட்டாகிளாஸ், தரவை வைத்துக்கொள்ளும் கிளாஸைச் சுருக்கமாக எழுதும் வசதி. ஒரு ஃபோல்டரில் கிடக்கும் பிளகின் கோப்புகளை ஸ்பெக்_ஃப்ரம்_ஃபைல்_லொகேஷன், மாட்யூல்_ஃப்ரம்_ஸ்பெக், எக்ஸெக்_மாட்யூல் என்ற வழக்கமான மூன்று வரியில் லோட் செய்துகொண்டிருந்தோம். எல்லா பிளகினும் ஓடியது. ஒன்றே ஒன்று மட்டும், 'நன்டைப்' (ஒன்றுமில்லை என்று காட்டும் நன்) பொருளுக்கு 'டண்டர் டிக்ட்' இல்லை என்று கத்தியது (டண்டர் என்றால் பெயரின் இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு). அதுவும் எங்கள் கோடில் இல்லை, பைத்தானோடு வரும் டேட்டாகிளாஸஸ் கோப்புக்குள்! அதைப் பார்த்ததும் பைத்தானிலேயே பக் கண்டுபிடித்துவிட்டோம் என்று டீமில் ஒரே குதூகலம்.

கடைசியில் பார்த்தால், அந்த பிளகினில் மட்டும் ஃப்யூச்சர் அனோட்டேஷன்ஸ் வரி இருந்தது. அது இருந்தால் டைப் குறிப்புகள் எல்லாம் வெறும் ஸ்ட்ரிங். அவற்றைப் புரிந்துகொள்ள டேட்டாகிளாஸ் தன் மாட்யூலை சிஸ்.மாட்யூல்ஸில் தேடுகிறது. அங்கே நன். எக்ஸெக்_மாட்யூலைக் கூப்பிடும் முன் மாட்யூலை அதில் நாமே போட்டுவிட வேண்டும். அதிகாரபூர்வ ஆவணத்தில் இருக்கும் உதாரணத்தில் அந்த வரி இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோரும் காப்பி அடித்துச் சுற்றவிடும் மூன்று வரியில் அது மட்டும் இல்லை.

ஊமைக்கொக்கி

மேலே இரண்டு பேருக்கும் எரராவது வந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை.

எந்த மாட்யூலில் எந்த ஃபங்ஷன் எத்தனை முறை ஓடுகிறது என்று பதிவு செய்ய, பழைய டூல் ஒன்று இருந்தது. இம்போர்ட் நடக்கும்போதே நடுவில் புகுந்து வேலை செய்யும். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். பைத்தான் 3.12-க்கு மாறினோம். டெஸ்ட் எல்லாம் பச்சை. டூலின் ரிப்போர்ட் மட்டும் காலி.

மாட்யூலைத் தேடித் தரும் ஃபைண்டர்களை பைத்தான் வரிசையாகக் கேட்கும் பட்டியல் சிஸ்.மெட்டா_பாத். அதை பிரிண்ட் செய்தால் எங்கள் ஃபைண்டர் முதல் இடத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் நான் போட்ட பிரிண்ட் மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. வரிசையில் முதலில் நிற்பவரை யாருமே ஏன் கூப்பிடவில்லை? அன்று இரவெல்லாம் இதே கேள்விதான்.

விடை இதுதான். பழைய முறையில் ஃபைண்டர், ஃபைண்ட்_மாட்யூல் வழியாக, மாட்யூலை உள்ளே ஏற்றும் லோடரை நேரே கொடுக்கும். 3.4-இல் பெப் 451 (பெப் என்பது பைத்தானை மாற்றுவதற்கான முன்மொழிவு) வந்தபோது அது மாறியது. பெயர், லோடர், எங்கிருந்து வருகிறது என்ற விவரமெல்லாம் அடங்கிய ஸ்பெக்கைத்தான் ஃபைண்ட்_ஸ்பெக் கொடுக்க வேண்டும். லோட் செய்வது அதற்கு அப்புறம் தனி வேலை. 3.11 வரை பழையதையும் பொறுத்துக்கொண்டார்கள், 3.12-இல் எடுத்துவிட்டார்கள். ஃபைண்ட்_ஸ்பெக் இல்லாத ஃபைண்டரை இப்போது சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். கோளாறு என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. இது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

பழைய லோடரை ஸ்பெக்_ஃப்ரம்_லோடரில் சுற்றிக் கொடுக்கும் சின்ன ஃபைண்ட்_ஸ்பெக் ஒன்றை எழுதினேன். ரிப்போர்ட் நிரம்பியது.

ஆவணம்_படிப்பவன்

ஊமைக்கொக்கி, "சத்தமே இல்லாமல்" என்பது அநியாயம். ஃபைண்ட்_மாட்யூல் வேண்டாம் என்று 3.4-இலிருந்தே ஆவணத்தில் இருக்கிறது. 3.10, 3.11 இரண்டிலும் இம்போர்ட்வார்னிங் வேறு வந்தது.

என் கதை சின்னது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யாரோ, பைத்தானோடு வரும் ரேண்டம் மாட்யூலின் அதே பெயரில், ரேண்டம்.பிஒய் என்று ஒரு கோப்பு வைத்திருந்தார்கள், அங்கே எந்த ஸ்கிரிப்டை ஓட்டினாலும் விழுந்தது. அவ்வளவுதான்.

ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். இம்போர்டில் சந்தேகம் வந்தால் முதலில் அந்த மாட்யூலின் டண்டர் ஸ்பெக்கை பிரிண்ட் செய்யுங்கள். ஆரிஜின் என்பது எந்தக் கோப்பு என்று சொல்லும். கேஷ்ட் என்பது பைகேஷ் ஃபோல்டரில் பிஒய்சி (கம்பைல் செய்து வைத்த கோப்பு) எங்கே என்று காட்டும். லோடர் யார் என்பதும் அதிலேயே இருக்கும். டண்டர் நேமை நம்பாதீர்கள். பைத்தான் -எம் என்று ஓட்டினால் டண்டர் நேமில் மெயின் என்றுதான் இருக்கும், ஸ்பெக்கின் நேமில்தான் உண்மைப் பெயர். ஸ்கிரிப்டாக நேரே ஓட்டினால் ஸ்பெக்கே நன். எது எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகப் பார்க்க பைத்தான் கட்டளையோடு -வி. இம்போர்ட் மெதுவாக இருந்தால் -எக்ஸ் இம்போர்ட்டைம், 3.7-இலிருந்து உண்டு. ரேண்டம்.பிஒய் மாதிரித் தொல்லைக்கு 3.11-இல் வந்த -பி (பெரிய எழுத்து P). ஓட்டும் ஸ்கிரிப்டின் ஃபோல்டரை அது சிஸ்.பாத்தின் முதலில் சேர்க்காது. 3.13-இல் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று எரரே சொல்லிவிடுகிறது. எல்லோரும் 3.13-க்கு மாறுங்கள்.

ஊமைக்கொக்கி

இம்போர்ட்வார்னிங் சும்மா ஓட்டும்போது திரையில் வராது. நாமாகக் கேட்டால்தான் காட்டும். அதைச் சத்தம் என்று சொன்னால் எப்படி?

காலி_ஃபோல்டர்

ஆவணம் சார், ஆரிஜின் எப்போதும் கோப்பைச் சொல்லாது.

விருப்பமிருந்தால் மட்டும் சேர்க்கும் பேக்கேஜ் ஒன்று எங்களிடம் இருந்தது. ட்ரை போட்டு இம்போர்ட் செய்வோம், இம்போர்ட்எரர் வந்தால் வேறு வழியில் போவோம். வேறு பிராஞ்சுக்கு மாறிய ஒருவரிடம் மட்டும் இம்போர்ட் ஜம்மென்று தேறுகிறது, அடுத்த வரியில் அட்ரிபியூட்எரர். ஆரிஜினைப் பார்த்தால் நன்.

பிராஞ்ச் மாறும்போது, கோடின் பதிப்புகளைக் கவனிக்கும் கிட் தன் கோப்புகளை எடுத்துவிட்டது. பைகேஷ் கிட்டின் கணக்கில் இல்லாததால் அது அங்கேயே கிடந்தது, கூடவே ஃபோல்டரும். பெப் 420-க்குப் பிறகு, அதாவது 3.3-இலிருந்து, டண்டர் இனிட் (பேக்கேஜ் என்று காட்டும் கோப்பு) இல்லாத வெற்று ஃபோல்டரும் நேம்ஸ்பேஸ் பேக்கேஜ்தான். வேறு எங்கும் அந்தப் பெயரில் உருப்படியான மாட்யூல் கிடைக்காவிட்டால் பைத்தான் அதையே எடுத்துக்கொள்ளும். பார்க்க வேண்டியது ஸ்பெக்கின் சப்மாட்யூல்_சர்ச்_லொகேஷன்ஸ். அதில் அந்த அநாதை ஃபோல்டர் இருந்தது.

நேத்து_சேர்ந்தவள்

நான் சொல்ல வந்தது வேறு. புரோகிராம் ஓடும்போதே ஒரு கோப்பை எழுதி உடனே இம்போர்ட் செய்தால், சில நேரம் மட்டும் மாட்யூல் இல்லை என்றது. அதற்கு முந்தைய வரியில்தான் பாத்.எக்ஸிஸ்ட்ஸ் 'ட்ரூ' என்று காட்டியிருந்தது. ஃபைல்ஃபைண்டர் ஃபோல்டரின் பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு, ஃபோல்டரின் நேரம் மாறினால்தான் மறுபடி படிக்குமாம். எழுதிய கையோடு, அந்த நினைவை அழிக்கும் இன்வாலிடேட்_கேஷஸ் கூப்பிட்டதும் சரியாகிவிட்டது.

அப்புறம் ஆவணம் அண்ணா, நீங்கள் சொன்னீர்களே என்று -பி போட்டு ஓட்டினேன். பக்கத்திலேயே இருக்கும் என் ஹெல்பர்ஸ்.பிஒய்யும் காணவில்லை.

ஆவணம்_படிப்பவன்

காணாமல்தான் போகும், தங்கச்சி. அதுவும் அதே ஃபோல்டரில்தானே இருக்கிறது? பேக்கேஜாக்கி பிப்பில் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

நேத்து_சேர்ந்தவள்

அது நாற்பது வரி ஸ்கிரிப்ட், அண்ணா.