அரை மணி நேரம் பறக்க மூன்று மணி நேரம் ஸ்னோ வாரினோம்

நாங்கள் இருப்பது ஒன்ராறியோவில், ஹூரோன் ஏரிக்குக் கிழக்கே. குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி உறைந்திருக்காது. வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அதன் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து எங்கள் தலையில் கொட்டிவிட்டுப் போகும். நாலு பேர் பங்கு போட்டு செஸ்னா 172 என்ற பழைய சிறு விமானம் ஒன்று வைத்திருக்கிறோம். முதல் வருடம் ஹாங்கர் (விமானக் கொட்டகை) வாடகைக்குக் கணக்குப் பார்த்து, வெளியிலேயே கட்டிவைத்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், விமானம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு குந்தியிருக்கிறது! இரவு பெய்த ஈர ஸ்னோ முழுக்க வால் இறக்கையில். முன்சக்கரம் அந்தரத்தில். நண்பர் மூக்கைப் பிடித்து இழுக்கப் போனார், கத்தித் தடுத்தேன். ஒருவர் வாலைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் தும்புத்தடியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி இறக்கினோம்.

ஸ்னோவைத் தள்ளிவிடலாம், அதற்கு அடியில் ஒட்டியிருக்கிற உறைபனிதான் தொல்லை. உப்புத்தாள் அளவு சொரசொரப்பு இருந்தாலே இறக்கையின் தூக்குவிசை கெட்டுவிடும். அதோடு கிளம்புவது கனடாச் சட்டப்படியும் குற்றம். கார் கண்ணாடி சுரண்டுகிற கட்டையால் சுரண்டினால் பெயின்ட் போகும். சுடுதண்ணீர் ஊற்றினால் அது கீல்களுக்குள் இறங்கி அங்கே உறையும். கடைசியில் இறக்கையை வெயிலுக்குத் திருப்பி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது மேகம்.

அடுத்த வருடம் ஹாங்கர் எடுத்தோம். அப்பாடா என்றிருந்தது, ஸ்னோ வழிக்கிற வண்டி வரும்வரை. அது பாதையைச் சுத்தமாக்கிவிட்டு, வழித்ததை எல்லாம் எங்கள் கதவடியில் வரம்பு கட்டிவிட்டுப் போனது. மறுநாள் அது சீமெந்து. கதவின் அடியும் தரையோடு உறைந்துபோயிருந்தது. மூன்று மணி நேரம் ஷவலோடு மல்லுக்கட்டித் திறந்தால், இன்ஜின் ஹீட்டருக்குக் கரன்ட் இல்லை, பிரேக்கர் விழுந்திருந்தது. வெளியே மைனஸ் 18. எங்களுடைய லைகோமிங் இன்ஜினை மைனஸ் 12க்குக் கீழே சூடாக்காமல் கிளப்பக் கூடாது. மறுபடியும் காத்திருப்பு.

அரை மணி நேரம்தான் பறந்தோம். ஆனால் அந்த அடர்ந்த குளிர்காற்றில் எங்கள் கிழட்டு செஸ்னா ஏறிய ஏற்றம் இருக்கிறதே! வாய் நிறையச் சிரிப்போடுதான் இறங்கினேன்.

கதவடி ஐசுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மினசோட்டாவிலிருந்து ஒருவரின் பதில்:
அண்ணா, ஹீட்டர் இல்லாமல் நான் ஒருமுறை முயன்று பார்த்தேன். இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது, அதன் பிறகு அசையவே இல்லை. எரிந்ததில் வந்த நீராவி ஸ்பார்க் பிளக் முனையில் உறைந்துவிட்டதாம்! பிளக்குகளைக் கழற்றிச் சூடாக்கிப் பூட்டுவதற்குள் விரல்கள் மரத்துப்போயின. அப்புறம், சக்கர மூடிகளைக் கழற்றிவிட்டீர்களா? சகதி ஸ்னோ உள்ளே புகுந்து, மேலே போனதும் உறைந்து, இறங்கும்போது சக்கரம் சுற்றாது.

கதவடிக்கு உப்பு மட்டும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். நான் மணல் தூவுகிறேன். அதையும் இன்ஜின் கிளப்பும் இடத்துக்கு எட்டத்தான் போடுவேன், புரொப்பெல்லர் உறிஞ்சிக்கொள்ளும்.