கியூஎமுவின் பீடைமரைப் புதிய முறைக்கு மாற்றினேன், லோட் 0 இண்டரப்ட் வராமல் போய்விட்டது

பனையடி (கொக்குவில்), புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் எம்பெடட் புரோகிராமிங் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் 18 பேர், போர்ட் இரண்டு. அதில் ஒன்று போன மாரி இடியோடு போய்விட்டது. அதனால் கியூஎமுவில் (ஒரு கணினிக்குள் இன்னொரு இயந்திரத்தைப் போலியாக ஓடவைக்கும் மென்பொருள்) அந்தப் போர்டின் மாடலைத்தான் எல்லாரும் பாவிக்கிறோம். மாடலை 2019இல் எனக்கு மூத்த அண்ணாமார் கியூஎமு 4.1இன் மேல் எழுதினார்கள். நல்ல கோட். ஆனால் இப்போதைய லேப்டொப்களில் 4.1ஐ பில்ட் செய்வதே பெரிய பாடாக இருக்கிறது. ஆகவே மாடலை 9.0க்குக் கொண்டு வருகிறேன்.

சிக்கல் டைமர் டிவைஸில். லோட், வேல்யூ, கன்ட்ரோல், ஸ்டேட்டஸ் என்று நான்கு ரெஜிஸ்டர்கள், 1 மெகாஹெர்ட்ஸ். கன்ட்ரோலின் 0ஆம் பிட் டைமரை ஓடவைக்கும், 1ஆம் பிட் இண்டரப்டை (சிபியூவைக் கூப்பிடும் சைகையை) அனுமதிக்கும். உள்ளே இருப்பது ஒரு பீடைமர், அதாவது கியூஎமு ஆயத்தமாகத் தரும், கீழ்நோக்கி எண்ணும் டைமர். 4.1இல் அதற்கு ஒரு பாட்டம் ஹாஃப் (பிறகு ஓட்டுவதற்கு ஒதுக்கி வைக்கும் வேலை) கொடுத்துத் தொடங்கியிருந்தார்கள். 9.0இல் அந்த ஃபங்ஷனே இல்லை. எனவே கால்பேக்கை (டைமர் முடிந்ததும் கூப்பிடப்படும் என் ஃபங்ஷனை) நேரடியாகக் கொடுத்துவிட்டு, டைமரின் நிலையை மாற்றும் இடங்களில் எல்லாம் முன்னுக்கு ட்ரான்சாக்ஷன் பிகின், பின்னுக்கு கமிட் என்று போட்டேன்.

முதலில் அசெர்ட் மேல் அசெர்ட் (உள்ளே வைத்திருக்கும் சோதனை தவறிக் கியூஎமு நின்றுவிடுவது). ரியலைஸில் (டிவைஸ் உருவாகும் இடம்) ஃப்ரீக்வென்சி வைக்கும் இடத்தையும் ரீசெட்டில் டைமரை நிறுத்தும் இடத்தையும் மறந்திருந்தேன். கால்பேக்குக்குள்ளேயும் ஒரு பிகின் போட்டிருந்தேன். கால்பேக் எப்போதும் ஒரு ட்ரான்சாக்ஷனுக்குள்ளேதான் அழைக்கப்படும் என்று ஹெடர் ஃபைலில் வாசித்த பிறகு அதை எடுத்துவிட்டேன். இப்போது அசெர்ட் எதுவும் இல்லை.

லோட் 1000 கொடுத்தால் 1 மில்லிசெக்கனுக்கு ஒரு டிக், ஒழுங்காக வருகிறது. ஆனால் எங்கள் ஃபர்ம்வெயர் (போர்டில் ஓடும் புரோகிராம்) தொடங்கியதும் ஒரு சோதனை செய்யும்: லோடில் 0, கன்ட்ரோலில் 3 எழுதிவிட்டு இண்டரப்டுக்குக் காத்திருக்கும். உண்மையான போர்டில் இண்டரப்ட் உடனே வரும். 4.1இலும் வரும். 9.0இல் வரவே இல்லை, ஃபர்ம்வெயர் அங்கேயே நிற்கிறது. டெல்டா (எண்ண மீதி இருப்பது) பூச்சியம் என்பதால் டைமரை நிறுத்துவதாக டெர்மினலில் ஒரு வரி விழுகிறது. அது 4.1இலும் விழுந்தது, ஆகவே அது காரணம் இல்லை என்று நினைக்கிறேன்.

கன்ட்ரோலுக்கு எழுதும்போது நடப்பது, வரி வரியாக:

பிகின்.
0ஆம் பிட் இருந்தால் ரன், இல்லாவிட்டால் ஸ்டொப்.
கமிட்.
ஸ்டேட்டஸ் = 0.
கன்ட்ரோல் = எழுதிய பெறுமதி.
இண்டரப்ட் லைனைப் புதுப்பி.

கால்பேக் இரண்டே வரி: கன்ட்ரோலில் அனுமதி பிட் இருந்தால் ஸ்டேட்டஸில் 1 வை, பிறகு இண்டரப்ட் லைனைப் புதுப்பி.

இந்தச் சனி காலை 9 மணிக்கு வகுப்பு. பிள்ளைகள் புதிய மாடலில்தான் தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கெஸ்ட்மெமரி (சாவகச்சேரி, இப்போது கொழும்பு)

அக்கா, எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்று பார்த்தீர்களா? ரியல்டைம் கடிகாரமா, வேர்ச்சுவலா? ரியல்டைம் என்றால் மெஷினை நிறுத்தி வைத்தாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், கெஸ்டின் (கியூஎமுவுக்குள் ஓடும் இயந்திரத்தின்) கணக்கு குழம்பும். இன்னொன்று, வெறும் கியூஎமு டைமரை மொட் செய்யும்போது (அதற்கு நேரம் வைக்கும்போது) எப்போது அடிக்க வேண்டும் என்ற முழு நேரத்தைக் கொடுக்க வேண்டும், இடைவெளியை அல்ல. நான் ஒருமுறை இடைவெளியை மட்டும் கொடுத்துவிட்டு, டைமர் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்ததில் ஒரு கிழமை போய்விட்டது.

பனையடி

நன்றி தம்பி. பீடைமரில் கடிகாரத்தைத் தெரிவு செய்யவே இடமில்லை, அது உள்ளே வேர்ச்சுவலைத்தான் பாவிக்கிறது. வாட்ச்டோக் (ஃபர்ம்வெயர் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) மட்டும் வெறும் கியூஎமு டைமர். நீங்கள் சொன்னதும் போய்ப் பார்த்தேன், இப்போதைய நேரத்தோடு கூட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். அது சரி.

சுன்னாகம் அண்ணை

தங்கச்சி, ஊகத்தை விடுவோம். ஜிடிபி டிபகரில் ஓட்டி, கால்பேக்கில் ஒரு பிரேக்பாயிண்ட் (அங்கே வந்ததும் நிறுத்தும் அடையாளம்) போடுங்கள். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். லோட் 0க்குக் கால்பேக் வருகிறதா, இல்லையா? வந்தால், அந்த நேரம் டிவைஸின் கன்ட்ரோலில் என்ன பெறுமதி இருக்கிறது? பேக்ட்ரேஸையும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்கே வந்தது என்ற பட்டியல்) எடுத்துப் பாருங்கள். முடிந்தால் 4.1இலும் இதையே செய்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

பனையடி, வியாழன் பின்னேரம்

அண்ணை, கால்பேக் வருகிறது! நான் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த நேரம் கன்ட்ரோல் 0. ஃபர்ம்வெயர் 3 எழுதியிருக்கிறது, டிவைஸில் 0 இருக்கிறது.

9.0 பேக்ட்ரேஸ், கீழிருந்து மேலே: கெஸ்டின் எழுத்து, என் ரைட் ஃபங்ஷன், பீடைமர் கமிட், பீடைமர் ரீலோட், ட்ரிகர், கடைசியில் என் கால்பேக். 4.1இல் என் ரைட் ஃபங்ஷனே அந்த அடுக்கில் இல்லை. மெயின் லூப், அதற்கு மேலே பாட்டம் ஹாஃப்களை ஓட்டும் இடம், அதற்கு மேலே கால்பேக். அங்கே கன்ட்ரோல் 3 என்று சரியாக இருக்கிறது.

சுன்னாகம் அண்ணை

பக் உங்கள் கையில் வந்துவிட்டது. அந்த இரண்டு பேக்ட்ரேஸும்தான் முழு விடை.

பழைய முறையில் டைமர் முடிந்ததும் பீடைமர் கால்பேக்கைக் கூப்பிடாது, ஒரு பாட்டம் ஹாஃபை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். உங்கள் ரைட் ஃபங்ஷன் ஆறுதலாக எல்லா வரியையும் முடித்துவிடும். மெயின் லூப் பிறகு வந்து கால்பேக்கை ஓட்டும்போது கன்ட்ரோல் 3 ஆகியிருக்கும். அதாவது ரன் முன்னுக்கும் கன்ட்ரோல் பின்னுக்கும் என்ற உங்கள் வரிசை அப்போதும் பிழைதான். கால்பேக் பிந்தி வந்ததால் வெளியே தெரியவில்லை.

கோயிலை நினைத்துப் பாருங்கள். மணி அடிப்பவர் வெளி வீதியில் நின்றால், ஐயர் கண்ணைக் காட்டி ஆள் வந்து கயிற்றைப் பிடிப்பதற்குள் தீபம் ஏற்றி முடிந்துவிடும். இப்போது மணிக்காரர் ஐயரின் பக்கத்திலேயே நிற்கிறார். கண் காட்டின உடனே மணி அடிக்கும். தீபம் முதலே ஏற்றியிருக்க வேண்டும்.

ஏன் மாற்றினார்கள் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. பீடைமர் தன் கணக்கைப் புதுப்பித்துவிடும், உங்கள் டிவைஸ் கால்பேக் வரும் வரை பழைய நிலையிலேயே இருக்கும். அந்த இடைவெளியில் கெஸ்ட் ரெஜிஸ்டரை வாசித்தால் ஒன்றோடொன்று பொருந்தாத பெறுமதிகளைக் காணும். கவுண்டர் சுற்றி வந்திருக்கும், ஸ்டேட்டஸ் இன்னும் 0ஆக இருக்கும். இதைத் தீர்க்கத்தான் 2019இல் கியூஎமு டெவலப்பர் பீட்டர் மேடெல் பேட்ச் (கோட் மாற்றம்) தொடர் அனுப்பி இந்த ட்ரான்சாக்ஷன் முறையைக் கொண்டு வந்தார். டைமர் தானாக முடிந்தால் கால்பேக் அந்த இடத்திலேயே வரும். நீங்கள் எதையாவது மாற்றி அதனால் முடிந்தால், கமிட்டில் வரும். அதனால் கமிட்டை ஒரு சாதாரண அன்லொக் மாதிரி நினைக்க வேண்டாம். உங்கள் சொந்தக் கோட் திரும்ப உள்ளே வரக்கூடிய வாசல் அது.

கன்ட்ரோல் வரியை மேலே ஏற்றிவிட்டுச் சொல்லுங்கள்.

பனையடி, வியாழன் இரவு

கோயில் உதாரணத்தில் சட்டென்று விளங்கிவிட்டது அண்ணை. கன்ட்ரோலைப் பிகினுக்கு முன்னுக்கு வைத்தேன். கால்பேக்கில் இப்போது 3 தெரிகிறது. ஆனால் ஃபர்ம்வெயர் இன்னும் நிற்கிறது.

ஸ்டேட்டஸில் வாட்ச்பாயிண்ட் (பெறுமதி மாறும்போதெல்லாம் நிறுத்தும் அடையாளம்) போட்டேன். 0, பிறகு 1, உடனே மறுபடியும் 0. எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் பட்டுவிட்டது: கமிட்டுக்குப் பிறகு நிற்கும் "ஸ்டேட்டஸ் = 0". கால்பேக் வைத்த 1ஐ என் அடுத்த வரியே அழிக்கிறது.

அதையும் மேலே ஏற்றினேன். பூட் ஆகிறது!! லோட் 0, லோட் 1, லோட் 1000 மூன்றும் சரி.

சுன்னாகம் அண்ணை

சந்தோஷம். ஆனால் அந்த ஒரு ஃபங்ஷனோடு நிறுத்த வேண்டாம். ஃபைலில் கமிட் என்று இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் போய், அதற்குக் கீழே டிவைஸின் நிலையை எழுதும் வரி ஏதும் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். இருந்தால் மேலே போக வேண்டும். இண்டரப்ட் லைனைப் புதுப்பிப்பது கீழே நிற்கலாம். அது எதையும் அழிப்பதில்லை, இருக்கிற நிலையைப் பார்த்துத்தான் லைனை ஏற்றி இறக்குகிறது. லோட் எழுதும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள், ஓடுகிற டைமரில் 0 எழுதினால் அங்கேயும் இதே கதைதான். கமிட்டுக்கு முன்பே ஒரு ரெஜிஸ்டரை லோக்கல் வேரியபிளில் பிரதி எடுத்து, கமிட்டுக்குப் பிறகு அதைத் திரும்ப எழுதும் கோட்டும் இதே வகைதான். அது இன்னும் கள்ளத்தனமாக ஒளிந்திருக்கும்.

கால்பேக்குக்குள் டைமரை மாற்றி அது மறுபடி முடிந்தால், முதல் அழைப்பு திரும்பிய பிறகு கால்பேக் இரண்டாம் தரம் வரும். உங்களுடையதில் அப்படி இல்லை. பிற்பாடு சேர்த்தால் நினைவில் வையுங்கள்.

சங்கிலியன்தோப்பு

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். பேக்ட்ரேஸ் கேட்ட அண்ணைக்கும் அதை உடனே எடுத்துப் போட்ட டீச்சருக்கும் நன்றி. என் பங்குக்குச் சில விஷயங்கள்.

இதை ஒரே கமிட்டாகப் போட வேண்டாம். (இந்தக் கமிட், கோட் மாற்றங்களைப் பதியும் கிட்டின் கமிட், டைமரின் கமிட் அல்ல.) வரிசையைத் திருத்துவது முதல் பேட்ச். அதைப் பழைய 4.1 கோட்டிலேயே செய்யலாம், அங்கேயும் அது சரியான வரிசைதான், எதுவும் உடையாது. பீடைமர் முறையை மாற்றுவது இரண்டாவது, அதில் இயந்திரத்தனமான மாற்றம் மட்டும் இருக்கட்டும். நடத்தையை மாற்றும் எதுவும் தனியாக. பிறகொரு நாள் பைசெக்ட் செய்பவர் (எந்தப் பேட்சில் பிழை வந்தது என்று பாதி பாதியாகத் தேடுபவர்), அது நீங்களாகவே இருக்கலாம், உங்களை வாழ்த்துவார்.

கியூடெஸ்ட் (கியூஎமுவில் டிவைஸைச் சோதிக்கும் முறை) ஒன்றும் எழுதிவிடுங்கள். லோடில் 0, கன்ட்ரோலில் 3, ஸ்டேட்டஸ் வாசித்தால் 1. மூன்றே அடி. கியூடெஸ்டில் வேர்ச்சுவல் கடிகாரம் தானாக நகராது, நீங்கள் கிளொக் ஸ்டெப் சொன்னால்தான் நகரும். இந்தச் சோதனைக்கு அதுவும் தேவையில்லை, இண்டரப்ட் அந்தக் கணமே வர வேண்டும். லோட் 1000க்கு மட்டும் 10 லட்சம் நானோசெக்கன் நகர்த்துங்கள்.

பிள்ளைகளுக்கு ஸ்னாப்ஷொட் (ஓடும் மெஷினின் நிலையைச் சேமித்தது) கொடுப்பதாக இருந்தால் 9.0இல் புதிதாக எடுங்கள். 4.1இல் எடுத்தவற்றை நம்ப வேண்டாம்.

பனையடி

ஸ்னாப்ஷொட் விஷயம் நல்ல காலம் சொன்னீர்கள், பழையதைத்தான் பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தேன்.

இன்னொரு சந்தேகம், கனநாளாக இருப்பது. லோட் 10 வைத்து ஓடவிட்டு உடனே வேல்யூவை வாசித்தால் 9 வருகிறது. உண்மைப் போர்டில் 10. 4.1இலும் 9தான். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும், நான் சரியான பதில் சொன்னதில்லை.

சங்கிலியன்தோப்பு

பீடைமரைத் தொடங்கும்போது கொடுக்கும் பொலிசியில் இருக்கிறது விடை. நீங்கள் லெகசி கொடுத்திருப்பீர்கள். முன்பு அதற்கு டிஃபோல்ட் என்று பெயர், 2022இல் மாற்றினார்கள். டிஃபோல்ட் என்றால் புதிதாக எழுதுபவர் யோசிக்காமல் எடுத்துவிடுவார். அதன் விளிம்பு நடத்தைகளோ பல உண்மையான சிப்களோடு ஒத்துப்போகாதவை.

லெகசியில் மீதி நேரத்தைப் பீரியட்டால் (ஒரு எண்ணிக்கைக்கு எடுக்கும் நேரம்) வகுத்துப் பின்னத்தை வெட்டிவிடும். ஓடத் தொடங்கி ஒரு நானோசெக்கன் போனாலே மீதி 10 முழுப் பீரியட் இல்லை, ஆகவே 9. கவுண்டரைக் கீழே வெட்டாதே என்று ஒரு பொலிசி இருக்கிறது, நோ கவுண்டர் ரவுண்ட் டவுன். அதைப் போட்டால் 10 வரும். பக்கத்திலேயே நோ இமிடியட் ட்ரிகர் என்று ஒன்று நிற்கும், அதைத் தொட வேண்டாம். லோட் 0க்கு உடனே இண்டரப்ட் வருவதை அது நிறுத்திவிடும், உங்கள் போர்டுக்கு அது வேண்டும்.

இது நடத்தை மாற்றம். மூன்றாவது பேட்ச்.

பனையடி, சனி மத்தியானம்

வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன். மூன்று பேட்சும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் தனியே பில்ட் ஆகிறது, கியூடெஸ்ட் பச்சை. அண்ணை சொன்னபடி தேடியதில் லோட் எழுதும் இடத்திலும் கமிட்டுக்குக் கீழே ஒரு "ஸ்டேட்டஸ் = 0" கிடந்தது, அதையும் மேலே ஏற்றிவிட்டேன். ரீசெட்டில் எதுவும் இல்லை.

18 லேப்டொப்பிலும் பூட் ஆனது. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை லோடில் 10 எழுதி, வேல்யூவை வாசித்து, பக்கத்தில் இருந்த உண்மையான போர்டிலும் அதையே செய்து பார்த்தது. இரண்டிலும் 10.