விடுமுறையில் மகளின் அறைத்தோழியை வீட்டில் தங்க வைக்கலாமா?

உட்லண்ட்ஸ் தாய்:
சிங்கப்பூரில் எங்களுடையது மூன்று படுக்கையறைகள் கொண்ட நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மகள் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் இல்லாதபோது அவளுடைய அறையில் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பில் இருக்கும் மகன் படிக்கிறான், அவள் வந்துவிட்டால் பாட்டியின் அறைக்குப் போய்விடுவான். மே மாதத் தேர்வு முடிந்ததும் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். திருச்சியிலிருந்து வந்து படிக்கும் அவளுடைய அறைத்தோழிக்கு இங்கேயே பத்து வாரம் வேலைப் பயிற்சி கிடைத்திருக்கிறது. "ஒரு மெத்தை போட்டால் போதும் அம்மா, மாதம் நானூறு வெள்ளி (டாலர்) தரட்டும்" என்கிறாள் மகள். மகனுக்கு இது இறுதியாண்டுத் தேர்வு ஆண்டு என்பதால் கணவர் வேண்டாம் என்கிறார். எனக்கோ மறுக்க மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேக்காக்காரன்:
சகோதரி, தயங்காமல் வரச் சொல்லுங்கள். என் தந்தை இந்த ஊருக்கு வந்த புதிதில், சொந்த ஊர்க்காரர் ஒருவர் தம் கடை மாடியில் பாய் விரித்துக் கொடுத்துப் பல மாதங்கள் சோறும் போட்டதால்தான் எங்கள் குடும்பம் இங்கே வேரூன்றியது. அந்தக் கடனை அவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது, இப்படி வந்து நிற்கும் பிள்ளைகளிடம்தான் கொடுக்க முடியும். அந்த நானூறு வெள்ளி மட்டும் வேண்டாம். வீட்டுப் பிள்ளையிடம் வாடகை வாங்குவது நமக்கு அழகல்ல.

செங்காங் வாசகர்:
அண்ணன் சொன்னதில் பணம் வேண்டாம் என்பதை மட்டும் ஏற்கிறேன். காரணம் அழகன்று, விதி. வீவக வீட்டில் அறையை வாடகைக்கு விடுவதற்குக் கழகத்தின் அனுமதி வேண்டும், குறைந்தது ஆறு மாதத்திற்கு விட வேண்டும். தனியார் வீட்டிலும் மூன்று மாதத்திற்குக் குறைவாக விட முடியாது. பத்து வாரத்திற்கு வாடகை என்று வாங்கினால் வீட்டு உரிமையாளரான நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் வாங்காவிட்டால் அவள் விருந்தாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. நான்கறை வீட்டில் இரண்டு குளியலறைகள், அவற்றில் ஒன்று உங்கள் படுக்கையறைக்குள் இருக்கும். அப்படியானால் அடுக்களைப் பக்கத்துக் குளியலறையை பாட்டியும் மகனும் மகளும் அந்தப் பெண்ணுமாக நால்வர் பயன்படுத்த வேண்டும். காலை ஆறரை மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை கதவுக்கு வெளியே நிற்கும் காட்சியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

தேக்காக்காரன்:
ஒரு குளியலறையில் எட்டுப் பேர் குளித்து வளர்ந்தவர்கள்தானே நாம்? ஜூன் மாதம் நான்கு வாரம் பள்ளிக்கும் விடுமுறை. நான்கறை வீட்டில் உறவில்லாதவர்கள் எட்டுப் பேர் வரை தங்கலாம் என்று 2024 ஜனவரியில் அரசாங்கமே தற்காலிகமாகத் தளர்த்தியிருக்கும்போது, ஐந்து பேர் குடும்பத்தில் ஆறாவதாக ஒரு பெண் வருவது நெருக்கடி ஆகிவிடாது.

தெம்பனிஸ் தாதி:
நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். படிக்கும் காலத்தில் ஒரு விடுமுறை முழுவதும் தோழியின் வீட்டில் தங்கினேன். அவர்கள் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை, தட்டில் எப்போதும் எனக்குத்தான் பெரிய மீன் துண்டு வந்து விழும். ஆனாலும் அந்த வாரங்களை நினைத்தால் இன்றும் தோள்கள் இறுகுகின்றன.

ஒன்றைச் சொல்கிறேன். அந்த வீட்டில் துணிகளை அடுக்களை சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் உலர்த்துவார்கள், கழியை எடுத்து மாட்டுவது தோழியின் அப்பா. என் உள்ளாடைகள் அவர் கையில் படக்கூடாது என்று அவற்றை இரவில் துவைத்து, அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கயிற்றில் போட்டுவிடுவேன். காற்றில்லாமல் அவை சரியாகக் காயாது. ஈரத்தோடே உடுத்திக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். பசித்தாலும் குளிர்பதனப் பெட்டியை நானாகத் திறந்ததில்லை. வாடகை கொடுத்திருந்தால் "எனக்கு ஒரு கழி வேண்டும்" என்று கேட்டிருப்பேன். இலவசமாகத் தங்குபவள் எதைக் கேட்பாள்?

அக்கா, நீங்களும் மகளும் கணவரும் பேசிவிட்டீர்கள். அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா?

தேக்காக்காரன்:
தங்கை எழுதியதைப் படித்து மனம் கனத்தது. ஆனால் அது இடம் கொடுத்ததால் வந்த துன்பமன்று, கேட்டு வைக்காததால் வந்தது. வந்த அன்றே அலமாரியில் ஒரு தட்டு, துணி உலர்த்த ஒரு கழி, குளிக்க ஒரு நேரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் கூனிக் குறுக வேண்டியதில்லை.

செங்காங் வாசகர்:
சொல்லிவிடலாம். அவள் அதை நம்ப வேண்டுமே, அண்ணே. உறவுக்காரர் வீட்டிலேயே நாம் நம்புவதில்லை.

உட்லண்ட்ஸ் தாய்:
தெம்பனிஸ் தங்கை கேட்ட கேள்வி என்னைச் சுட்டது. நேற்று அந்தப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்து, மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டேன். நானூறு வெள்ளி என்பது என் மகள் தானாகச் சொன்ன கணக்கு. அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. விடுமுறையில் தங்க விடுதியிலேயே வேறொரு அறைக்கு அவள் விண்ணப்பித்திருக்கிறாள், கிடைத்தும் விட்டது. என் மகள் அவ்வளவு ஆசையாகக் கூப்பிடும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் மறைத்து வைத்திருக்கிறாள். பழைய அறையைக் காலி செய்வதற்கும் புதிய அறை திறப்பதற்கும் நடுவே பன்னிரண்டு நாள் இடைவெளி இருக்கிறது. "அந்த நாள்களுக்கு மட்டும் வரட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். கணவர் உடனே சம்மதித்தார். மகள்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தேக்காக்காரன்:
பன்னிரண்டு நாள் போதாது என்றே இன்னும் நினைக்கிறேன், சகோதரி. அவள் தயங்கினாலும் பத்து வாரமும் இருக்கச் சொல்லி இன்னொரு முறை கேளுங்கள்.

தெம்பனிஸ் தாதி:
கேட்காதீர்கள், அக்கா. ஒருமுறை வேண்டாம் என்று சொல்லவே அவளுக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அவள் வரும் நாளுக்கு முன் ஒரு கழியை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.