ஹலோவீன் இரவில் எழும்பிய வெருளி

1994ஆம் ஆண்டு ஆவணியில் ரொறன்ரோவுக்கு வந்தோம். எனக்கு ஏழு வயது. ஒக்டோபர் 31ஆம் திகதிக்கு முதல்நாள்தான் குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியிருந்தார்கள். ஐந்தரைக்கே இருட்டு. அண்ணா ஒரு கையில் தலையணை உறையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு ஸ்காபரோவில் எங்கள் தெருவில் ஹலோவீன் இனிப்பு வாங்க வீடு வீடாகப் போனார்.

எலும்புக்கூடு, புல்லில் நட்ட கல்லறை, உள்ளே மெழுகுதிரி எரியும் பூசணி. எதைப் பார்த்தாலும் அண்ணாவின் ஜக்கெற்றுக்குள் முகத்தைப் புதைத்தேன். நான் அப்பவே சரியான பயந்த பிள்ளை. ஒரு வீட்டு வாசலில் மட்டும் கதிரையில் ஒரு வெருளி இருந்தது. பழைய சேட்டு, சாக்குத் துணியில் முகம், கைநுனியில் வைக்கோல், மடியில் சொக்லேட் கிண்ணம். அம்மம்மாவின் கத்தரித் தோட்டத்தில் நின்றதும் இப்படித்தான். அந்தத் தெரு முழுக்க எனக்கு அறிமுகமான ஒரே ஆள் அதுதான். அண்ணாவின் கையை விட்டுவிட்டு ஓடினேன்.

கிண்ணத்துக்குள் கை வைத்ததும் வெருளி எழும்பியது.

எப்படிக் கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. படியில் விழுந்து முழங்கால் உரசியது. அந்த மனிதர் உடனே சாக்கைக் கழற்றினார். நரைத்த தலை, பதறிப்போன முகம். கீழே முழங்காலில் இருந்து ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலிஷ் விளங்கவில்லை, ஆனால் அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. வீட்டில் அம்மம்மா திருநீறு பூசி, உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டார். "வெருளி காகத்தை வெருட்டத்தானே பிள்ளை, உன்னை இல்லை" என்று விடியும்வரை முதுகைத் தடவினார்.

அடுத்த வருடமும் அவர் வைக்கோலோடு இருந்தார். எங்களைக் கண்டதும் சாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் அந்தத் தெருவை விட்டுப் போகும்வரை ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

*

அக்கா, உங்கள் கதையில் வரும் அந்த ஐந்தரை மணி இருட்டை நானும் மறக்கவில்லை. 2007இல் இருந்து நவம்பரில்தான் நேரம் மாற்றுகிறார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாக வெளிச்சம் கிடைக்கிறது, நல்லதுதான்.

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில், ஹலோவீன் அன்று காசு சேர்க்க, ஐ.நா.வின் சிறுவர் அமைப்பான யுனிசெப்பின் செம்மஞ்சள் காசுப் பெட்டி தருவார்கள், கழுத்தில் நூல் கட்டித் தொங்கும். சூனியக்காரி வேடத்தில் ஓர் அம்மா கதவைத் திறந்தபோது என் நடுக்கத்தில் பெட்டிக்குள் சில்லறை கிலுகிலுத்தது. அவ தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் காசு போட்டா. 2006இல் அந்தப் பெட்டியை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டபோது மனம் பாரமாகிவிட்டது.

*

ஹலோவீனுக்கு எங்கள் வீட்டு வாசலில் ஆள் கிட்ட வந்தால் அலறும் பொம்மை ஒன்று வைத்திருக்கிறோம், மகனின் ஆசை. போன வருடம் தேனீ உடுப்போடு ஒரு சின்னப்பிள்ளை வாசல் வரை வந்து, ஏற மாட்டேன் என்று தகப்பனின் காலைக் கட்டிப்பிடித்தது. மகன் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் பொம்மையின் பற்றரியைக் கழற்றினான்.