நிலாவெளியில் அரை ஏக்கர் வெங்காயத்துக்கு 3 எச்பி சோலர் பம்ப் தேவையா?

வெங்காயத் தோட்டம் (கேள்வி)

வணக்கம். நிலாவெளியில் கடலுக்கு அரைக் கட்டை தூரத்தில் மணல் காணி. அரை ஏக்கர் சின்ன வெங்காயம், 12 அடி அகலக் கட்டுக்கிணறு ஒன்று. ஆவணியில் தண்ணீர் 12 அடி ஆழத்தில் நிற்கும். மின்சார லைன் இன்னும் வரவில்லை. இரண்டு அங்குல மண்ணெண்ணெய் மெசினால் இறைத்து, குழாய் பிடித்து நனைக்கிறோம். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதிலிருந்தே சோலர் யோசனை.

விசாரித்த இடத்தில் 3 எச்பி மோட்டர், எட்டுப் பனல், நான்கு பற்றரி என்று எழுதித் தந்தார்கள். விலையைப் பார்த்ததும் மனைவி நகைப் பெட்டியைப் பூட்டிவிட்டா. இவ்வளவும் தேவையா? இன்னொன்று: இறைக்க இறைக்கத் தண்ணீர் கரிக்கிறது, வெங்காயத் தாள் நுனி கருகுது.

பம்புக்காரன்

தம்பி, முதலில் அந்தப் பற்றரியை வெட்டுங்கள். வெயிலைப் பற்றரியில் சேமிக்கிற காசுக்குத் தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கலாம். சீமெந்துத் தொட்டிக்கு ஆயுள் கூட.

அப்புறம் கணக்கு. இந்த வெயில் காய்ச்சலில் பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவு குடிக்கும். அரை ஏக்கருக்கு அது 10,000 லீற்றர். மணலில் வீணாவதையும் சேர்த்து 14,000 வையுங்கள். 1,000 லீற்றரை 10 மீற்றர் தூக்க 27 வற்-மணி போதும். கிணற்று ஆழம், தொட்டி உயரம், குழாய் உராய்வு எல்லாம் அந்த 10 மீற்றருக்குள் அடங்கும். பம்பின் விரயத்துக்கு மூன்று மடங்கு வைத்தாலும் நாளைக்கு 1.2 யூனிற் (1,200 வற்-மணி) தாண்டாது. 400 வற் பனல் இரண்டு, சூடும் தூசியும் தின்றது போக, 3 யூனிற் தரும். எட்டுப் பனல் யாருக்கு?

பனல் மின்சாரத்தில் நேரே ஓடும் சிறிய டிசி பம்பும், அதைச் சீராக ஓட்டும் கொன்ட்ரோலரும் எடுங்கள். 7,000 லீற்றர் தொட்டியைக் காணியின் மேட்டுப் பக்கம் கட்டுங்கள்.

கரிப்புக்கும் இதில்தான் மருந்து இருக்கிறது. நம் கரையோர மணலில் மழைத் தண்ணீர் பாரம் குறைந்ததால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மேல் மட்டம் ஓரடி இறங்கினால் அடியில் உப்பு 40 அடி ஏறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அது ஒரே நாளில் நடக்காது, ஆனால் போகும் திசை அதுதான். உங்கள் இரண்டு அங்குல மெசின் கொஞ்ச நேரத்தில் கிணற்றை அள்ளிவிடும். அந்தப் பள்ளத்துக்கு உப்பு மேலே வரும். சோலர் பம்ப் நிமிடத்துக்கு 35 லீற்றர்படி காலையிலிருந்து பின்னேரம் வரை மெதுவாக எடுக்கட்டும். 3 எச்பி போட்டால் எண்ணெய்ச் செலவும் இல்லை, கையும் நிற்காது. இரண்டு போகத்தில் கிணறு உப்பளம்தான்.

காசு கொடுக்குமுன் ஒரு வேலை. பின்னேரம் இறைத்துவிட்டு, கயிற்றில் முடிச்சுப் போட்டு, மணிக்கு எவ்வளவு ஊறுது என்று பாருங்கள். உங்கள் கிணற்றில் ஓரடி என்றால் 3,200 லீற்றர். மணிக்கு முக்கால் அடி ஊறினால் தாராளம்.

கங்குவேலி

நாங்கள் பனல் சட்டத்தைக் கைவண்டிலில் பூட்டி வைத்திருக்கிறோம். இரவில் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும். கள்ளனுக்கும் சரி, யானைக்கும் சரி, இதை விட நல்ல வழி தெரியவில்லை. தென்னை நிழல் மட்டும் விழ விடாதீர்கள். ஒரு பனலின் மூலையில் ஓலை நிழல் விழுந்தாலே பம்ப் முனகும்.

வெங்காயத் தோட்டம்

நன்றி அண்ணே. கயிறு இன்றைக்கே இறக்குகிறேன். ஸ்பிறிங்க்ளர் மாட்டலாமா?

பம்புக்காரன்

தொட்டியிலிருந்து நேராக மாட்டினால் சுற்றாது. 10 அடி உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம்தான் வரும். சின்ன ஸ்பிறிங்க்ளருக்கே ஒன்றுக்கு மேல் வேண்டும். குறைந்த அழுத்தத்தில் ஓடும் சொட்டுக் குழாய் சரிவரும், வடிகட்டி கட்டாயம். பனலைத் தெற்குப் பார்த்துப் பத்துப் பாகை சரித்து வையுங்கள். கச்சான் காற்று மணலை அப்பிவிடும், விடியப்புறம் ஈரத்துணியால் துடையுங்கள். ஆணிகள் துருப்பிடிக்காத உருக்கா என்று காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். நல்ல ரகமென்றால் இழுக்காது அல்லது லேசாகத்தான் இழுக்கும். கடற்கரையில் சாதா ஆணி தாங்காது.