லண்டனில் ஆர்சனல் ஆட்டம்: டிக்கெட் எடுப்பது எப்படி?

ரயிலடி:
அக்டோபர்ல பத்து நாள் லண்டன், ஈஸ்ட் ஹாம்ல சித்தி வீட்டில் தங்கல். நானும் தம்பியும் ஆர்சனல் கால்பந்து கிளப்போட எமிரேட்ஸ் மைதானத்தில் ஒரு லீக் ஆட்டம் பார்க்கணும். கிளப் தளத்தில் மெம்பர்களுக்கு மட்டும்னு இருக்கு. வேறொரு தளத்தில் பல மடங்கு விலைக்கு தாராளமா கிடைக்குது. வாங்கலாமா? சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு காலை ஃப்ளைட்.

பின்வரிசை:
வாங்காதீங்க. அனுமதியில்லாம கால்பந்து டிக்கெட்டை மறுபடி விற்பது அங்கே 1994-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். குற்றவாளி விற்றவர்தான், ஆனா கிளப் அதை ரத்து பண்ணினா வாசலில் நிற்கப்போவது நீங்க.

நேர்வழி கிளப்போட ரெட் மெம்பர்ஷிப். ஆளுக்கு ஒண்ணு, தம்பிக்கும் தனியா. அது டிக்கெட் இல்லை, குலுக்கலில் பெயர் கொடுக்கும் தகுதி மட்டும்தான். விழலைன்னா கிளப்போட சொந்த மறுவிற்பனைத் தளமான டிக்கெட் எக்ஸ்சேஞ்சைப் பாருங்க. வர முடியாத சீசன் டிக்கெட்காரங்க தங்கள் இருக்கையை அங்கேதான் விற்பாங்க. வருவது பெரும்பாலும் ஒற்றை இருக்கை. ரெண்டும் பக்கத்து பக்கத்துல வேணும்னு பிடிவாதம் பிடிச்சா கிடைக்காது, பிரிஞ்சு உட்காரத் தயார்னா வாய்ப்பு கூடும். டாட்டன்ஹாம், செல்சி மாதிரி லண்டன் போட்டி அணிகளோட ஆடும் ஆட்டங்களுக்கு ஆசைப்படாதீங்க. காசு பொருட்டில்லைன்னா ஹாஸ்பிடாலிட்டி (உபசரிப்போடு வரும் விலை கூடிய டிக்கெட்) இருக்கு, அதற்கு மெம்பர்ஷிப் வேண்டாம்.

மூணுமணி:
டிக்கெட்டை விட ஃப்ளைட்தான் எனக்கு உறுத்துது. ஜூனில் வரும் அட்டவணை உத்தேசம்தான். டிவிக்காக வெள்ளி இரவிலிருந்து திங்கள் இரவு வரை எங்கே வேணும்னாலும் நகர்த்துவாங்க. ரெண்டு அணியில் ஒண்ணு வியாழன் ஐரோப்பியக் கோப்பையில் ஆடினா, சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்குப் போயிடும். திரும்புவதை செவ்வாய்க்கு வைங்க. சர்வதேச ஆட்டங்களுக்காக லீக் நிற்கும் வார இறுதி வருதான்னும் பாருங்க.

வடக்குக்கரை:
டிக்கெட் போனில்தான் வரும். வீட்டு வைஃபையிலேயே போனின் வாலட் ஆப்பில் ஏத்திடுங்க. மைதானத்தைச் சுற்றி கூட்டத்தில் நெட் திணறும். ஏ4 தாளை விடப் பெரிய பையை விடமாட்டாங்க. உள்ளே ரொக்கம் செல்லாது, கார்டு வேணும். பீரை இருக்கைக்கு எடுத்துப்போக முடியாது: மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது கூடாதுன்னு 1985-லிருந்தே சட்டம்.

ஆர்சனல் ரசிகர் பகுதியில் எதிரணி ஜெர்சியோ, அவங்க கோலுக்குக் கைதட்டலோ வேண்டாம். மைதான ஊழியர் (ஸ்டூவர்ட்) வெளியே அனுப்பிடுவார்.

முடிஞ்சதும் ஆர்சனல் ஸ்டேஷன் வாசலில் வரிசை தெருவரை வரும். ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் ஸ்டேஷனுக்கு நடந்து விக்டோரியா லைன் பிடிங்க.

ரயிலடி:
நன்றி. ஃப்ளைட்டை மாத்திடறேன். குலுக்கலும் எக்ஸ்சேஞ்சும் ரெண்டும் கைவிட்டா?

மூணுமணி:
ஈஸ்ட் ஹாம்னா வெஸ்ட் ஹாம் கிளப் பக்கம்தானே, அவங்க ஆட்டம் பாருங்க! டிஸ்ட்ரிக்ட் லைனில் வெஸ்ட் ஹாம் ஸ்டேஷன், அங்கே ஜூபிலி லைன் மாறினா அடுத்ததே ஸ்ட்ராட்ஃபோர்ட், அவங்க மைதானம் அங்கேதான். 2012 ஒலிம்பிக் மைதானம் என்பதால் இருக்கைகள் புல்லிலிருந்து தள்ளியே இருக்கும், அது ஒரு குறை.

பின்வரிசை:
அதற்குப் பதில் லேட்டன் ஓரியன்ட்னு ஒரு சின்ன கிளப் ஆட்டத்துக்குப் போகலாம். சென்ட்ரல் லைனில் லேட்டன் ஸ்டேஷன், அங்கிருந்து பத்து நிமிஷ நடை. சின்ன மைதானம், பெஞ்சில் பயிற்சியாளர் கத்துவது காதில் விழும். நட்சத்திரங்கள் கிடையாது, டிக்கெட் கிடைக்கும்.