மறுமொழி: 'புறப்புகை' யாருக்குப் புறம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும்போது மின்நிலையத்தில் வெளியாகும் கரியமில வாயுவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில், 'புறப்புகை' என்று மயிலாப்பூர் நண்பர் பெயர் சூட்டியிருந்தார். அழகான சொல். ஆனால் யாருக்குப் புறம்? நான் எண்ணூர்க்காரன். முதல் மாடி ஜன்னல் வழியாக வயரைத் தொங்கவிட்டு என் ஸ்கூட்டருக்கு இரவில் சார்ஜ் போடுகிறேன். அதே ஜன்னலில் தலையை நீட்டினால் அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் தெரிகின்றன. மயிலாப்பூரின் புறம் எங்களுக்கு அகம்.

'புகை'யும் இடிக்கிறது. புகை கண்ணுக்குத் தெரியும், கரியமில வாயு தெரியாது. சாம்பல் விழுந்த ஊரின் தலைவலி; வாயுவோ எல்லா ஊருக்கும் பொது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டக்கூடாது.

குழுமத்தில் அடுத்து வந்த 'மின்னேற்ற உமிழ்வு' என்ற சொல் பரவாயில்லை. ஆனாலும் சார்ஜரே ஏதோ கக்குவதுபோல் ஒலிக்கிறது. என் பரிந்துரை 'மின்வழி உமிழ்வு'. தரைவழி, வான்வழி என்று பழகிய வாய்க்கு இது இடறாது. எந்த ஊரில் உமிழ்ந்தது என்றும் அது தீர்ப்புச் சொல்வதில்லை.

அந்த அடக்கம் தேவை. 'வடசென்னை வண்டி நிலக்கரியில் ஓடுகிறது' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வடசென்னை அனல்மின் நிலையம், அருகிலேயே 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். கண்ணெதிரே நிலக்கரிதான், மறுக்கவில்லை. ஆனால் 2013 டிசம்பர் 31 அன்றே தென்னக மின்தொகுப்பு, அதாவது தென் மாநிலங்களின் மின்கம்பி வலைப்பின்னல், நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்துவிட்டது. பிளக்கில் வருவது எந்த உலையின் மின்சாரம் என்று பிரிக்க முடியாது. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுழலும் இரவுக்கு ஒரு கணக்கு, காற்று ஓய்ந்த மாசி இரவுக்கு வேறு கணக்கு.

நாட்டுச் சராசரி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. என் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட் குடிக்கிறது, ஆக 2.1 கிலோ. முன்பிருந்த பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தது. ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ என்பதால், அதே தூரத்துக்கு 5 கிலோவைத் தாண்டும்.

மின் ஸ்கூட்டர் கணக்கில் இரண்டு எண்களைப் பெருக்கியிருக்கிறேன்: வண்டி குடிக்கும் யூனிட், யூனிட்டுக்கு வெளியாகும் வாயு. இரண்டும் வேறு வேறு. நார்வேயைப் பாருங்கள்: குளிரில் பேட்டரி சுணங்கும், காருக்குள் ஹீட்டர் வேறு, கிலோமீட்டருக்கு ஆகும் மின்சாரம் கூடும். ஆனால் அங்கே மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம், உமிழ்வு சொற்பம். ஆகவே வண்டி குடிப்பதற்கு 'ஓட்ட மின்செலவு', யூனிட்டுக்கு வெளியாவதற்கு 'மின்வழி உமிழ்வு வீதம்', பெருக்கி வருவது 'மின்வழி உமிழ்வு'. 'வீதம்' என்பதற்குப் பதில் 'காரணி' வேண்டாம், பாதிப் பேர் அதைக் காரணம் என்று படிக்கிறார்கள்.

பேட்டரி செய்யும்போது வெளியாவதை இந்தச் சொல்லுக்குள் திணிக்காதீர்கள். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.